வண்டிக்கு முன்னால் ஒரு தக்காளி

கையை நிறுத்த முடியாதுக்கா, பொறுக்கிக்கிட்டே பேசுறேன், தப்பா நினைச்சுக்காதீங்க. வெயில் ஏறுறதுக்குள்ள இந்தத் தக்காளிக் குவியலைப் பிரிச்சாகணும். நல்லாப் பழுத்தது இந்தப் பெட்டி, செங்காய் அந்தப் பெட்டி. செங்காய் கேரளாவுக்குப் போறது, போய்ச் சேர்றதுக்குள்ள பழுத்துடும். வெடிச்சதும் அழுகினதும் ஆட்டுக்கு. நீங்க அந்தச் சேரை நிழல் பக்கமா இழுத்துப் போட்டுக்கோங்க.

உங்க கூட வந்த தம்பி கேமராவோட வாசலுக்குப் போயிட்டாரு. நல்லதாப் போச்சு. அவரும் இங்க உக்காந்திருந்தா நான் வாயே திறந்திருக்க மாட்டேன். எனக்குப் பொம்பளைங்ககிட்டப் பேசக்கூடக் கூச்சம். நீங்க என்னமோ அக்கா மாதிரி இருக்கீங்க.

பேரா? என் பேரு நாகசோதி. அஞ்சாவது வரைக்கும் படிச்சேன்.

அவர் பேரா? அதை எப்படி நான் சொல்றது. அந்த வேப்பமரத்தடியில நிக்குதே பழைய வண்டி, அது முதுகுல பெயிண்டுல எழுதியிருக்கு பாருங்க. முன்னெழுத்தும் சேர்த்து. ஆங், நீங்க படிச்சீங்கள்ல, அதேதான்.

பாப்பா, செங்காய எடுக்காதே. வை. அதை அம்மாகிட்டக் குடு. இவளுக்கு ரெண்டரை வயசு ஆகுதுக்கா. தியாஷினின்னு அவங்க அப்பா பேரு வச்சாரு. எனக்கு அது வாயில நுழையாது, பாப்பான்னுதான் கூப்பிடுவேன். கொலுசுல மணி ஜாஸ்தியா இருக்குன்னு பாக்குறீங்களா? நான்தான் கூடுதலாக் கோத்துக் கட்டினேன். எங்க போனாலும் கேக்கணும்ல.

வண்டியப் பத்திக் கருத்துக் கேட்டு வந்திருக்கீங்க. புது மாடல் பிக்கப்பு எப்படி இருக்குன்னு வாங்கினவங்கள்லாம் பேசுற வீடியோவா? அப்போ சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. இந்த வாசல்ல வண்டி வந்த நாள்ல இருந்து வேற பேச்சே கிடையாது. கேளுங்க, இங்கிருந்தே கேக்குது. அந்தக் கரகரப்பான குரல் செம்மலை அண்ணன். முப்பது வருசமா லாரி ஓட்டினவரு. அவருக்குப் புது வண்டி மூஞ்சியே ஆகாது.

"பழசு எப்படி இருந்துச்சு? வட்டக் கண்ணு, சிரிச்ச மூஞ்சி. பொண்ணு கேட்டுப் போனாக்கூடக் குடுப்பான். இது என்னடா, கண்ணச் சுருக்கிக்கிட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு, பங்காளிச் சண்டைக்கு வந்தவன் மாதிரி நிக்குது!"

இப்பப் பேசுறது என் கொழுந்தன், இன்பராசு. அவருக்கு வண்டின்னா சோறு வேண்டாம்.

"அண்ணே, வண்டின்னா மொறைக்கணும். எதிர்ல வர்றவன் ஒதுங்கணும். பானெட்டு உசரத்தப் பாருங்க, நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்குது. பக்கத்துல நம்ம பழச நிறுத்தினா ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு."

"ஆட்டுக்குட்டிதான் உங்க குடும்பத்துக்கே பால் குடுத்துச்சு, மறந்துராத."

சிரிக்கிறாங்க பாருங்க. தினமும் இதேதான். அடுத்தது இஞ்சினுக்குப் போவாங்க. செம்மலை அண்ணன் சொல்லுவாரு, பழைய இஞ்சினு ஒரு ஸ்பேனருக்குக் கட்டுப்படும், இதைத் திறந்தா மூடிக்கு மேல மூடி, ஒயருக்கு மேல ஒயரு, நடுவழியில நின்னா சூடம் காட்டிக் கும்பிடத்தான் முடியும்னு. என் கொழுந்தன் சொல்லுவாரு, அது நிக்கவே நிக்காது, முழு லோடோட மலை ஏத்தத்துல மூச்சு வாங்காமப் போகுது, சத்தமே இல்லைன்னு. உள்ள உக்காந்தா வண்டி ஓடுதா நிக்குதான்னே தெரியாதாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பாக்கணுமே, என்னமோ சொந்தப் பிள்ளை பரீட்சையில முதலா வந்த மாதிரி.

சத்தம் இல்லைங்கிறது பெருமையாக்கா? எனக்குத் தெரியல. பழைய வண்டி வாய்க்கால் பாலத்துல திரும்பும்போதே இங்க கேக்கும். நான் உலை வைப்பேன். சோறு வடிக்கிறதுக்கும் அவர் கால் கழுவுறதுக்கும் சரியா இருக்கும். ஸ்டார்ட் பண்ணினா அந்த அலமாரியில தம்ளரெல்லாம் கிணுகிணுன்னு ஆடும். ஆடின உடனே பாப்பாவத் தூக்கி இடுப்புல வச்சுக்குவேன். யாரும் சொல்லிக் குடுக்கல, கை தானாப் போகும். இப்ப தம்ளர் ஆடுறதில்ல. அதோட அது நின்னா தானா அணைஞ்சுக்குது, கால வச்சா தானா உயிர் வருது. உயிரோட இருக்கா இல்லையான்னு தெரியாத ஒன்ன வாசல்ல வச்சுக்கிட்டு எப்படிக்கா நிம்மதியா இருக்கிறது?

என் கருத்தா? என்கிட்டயா கேக்குறீங்க?

அய்யய்யோ, இதெல்லாம் வீடியோல வராதுல்ல? கேமரா அங்கதானே இருக்கு. சரி, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். எனக்குப் பயமா இருக்குக்கா. அந்த வண்டியப் பாத்தாலே.

வண்டி வந்த அன்னைக்குக் காலையில கோயில் வாசல்ல பூசை போட்டோம். மாலை, சந்தனம், நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம். அவர் ஏறி வண்டிய நகத்தினாரு, பழம் பட்டு பட்டுன்னு நசுங்கிச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. பாப்பா என் இடுப்புல இருந்து எட்டிப் பாத்துக்கிட்டு, அவளும் கை தட்டினா. நான்தான், நல்லாத் தட்டு, அப்பா வண்டிக்குத் தட்டுன்னு சொன்னேன். குழந்தை மனசுல என்ன பதியுதுன்னு நமக்குத் தெரியுதா?

மத்தியானம் வீட்டுக்கு வந்தாச்சு. ஊர்ல பாதி ஆம்பளைங்க வாசல்லதான். இதே பேச்சு, மூஞ்சி, பானெட்டு, இஞ்சினு. நான் இதே இடத்துல இதே மாதிரி தக்காளி பொறுக்கிக்கிட்டு இருந்தேன். வெயில் படுதேன்னு அவர் வண்டிய நிழலுக்குத் தள்ளி நிறுத்த ஏறினாரு. கதவச் சாத்தினாரு. கண்ணாடி ஏத்தினாரு, உள்ள ஏசி போடுது, பாட்டுப் பாடுது. தம்ளர் ஆடல. நான் நிமிந்தே பாக்கல.

என்னமோ இடுப்பு லேசா இருந்துச்சுக்கா. அப்படித்தான் சொல்லத் தெரியுது. நிமிந்து பாத்தா, பாப்பா வண்டிக்கு முன்னாடி குத்த வச்சு உக்காந்திருக்கா. என் குவியல்ல இருந்து ஒரு தக்காளிய எடுத்துட்டுப் போயி, ரெண்டு கையாலயும் முன் சக்கரத்துக்கு அடியில வைக்கிறா. உருண்டுடுது. மறுபடி வைக்கிறா. பூசக்காரர் வச்ச மாதிரியே, பதனமா. வண்டிக்கு விளக்கு எரியுது.

நான் "ஏங்க"ன்னு கத்தினேன்.

அங்க நின்ன அத்தனை ஆம்பளையும் திரும்பி என்னைப் பாத்தாங்க. எல்லாருமே யாரோ ஒருத்திக்கு ஏங்கதானே. அவர் ஒருத்தர் மட்டும் திரும்பல. ரெண்டாந்தரமும் "ஏங்க"ன்னேன். செம்மலை அண்ணன், "என்னம்மா, தண்ணி வேணுமா எங்களுக்குன்னு கேக்குறியா"ன்னு சிரிக்கிறாரு. வண்டி நகருது. எனக்குக் கால் வரல. வாய் மட்டும் வந்துச்சு. அவர் பேரச் சொல்லிக் கத்திட்டேன்க்கா. முன்னெழுத்தோட. ரேசன் கார்டுல இருக்கிற மாதிரி முழுசா. அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில இருக்குன்னு எனக்கே தெரியாது.

வண்டி நின்னுருச்சு.

நான் ஓடிப் போயிப் பாப்பாவ இழுத்தேன். கையெல்லாம் சிவப்பு, பாவாடையெல்லாம் சிவப்பு. அவ கைய நக்கிக்கிட்டுச் சிரிக்கிறா. "அம்மா, பட்டு"ன்னு சொல்றா. தக்காளிச் சாறு. தக்காளிதான்க்கா, வெறும் தக்காளி. ஆனா இப்பக்கூடப் பழுத்த பழம் கையில நசுங்கினா எனக்கு முதுகுத்தண்டு சில்லுனு ஆயிடுது. நாள் பூராவும் இதே வேலை, என்ன பண்றது சொல்லுங்க.

பாப்பா, கொலுசு எங்க? நட, அம்மா கேக்கட்டும். ஆங். அங்கதான் ஆட்டுக்கிட்ட இருக்கா.

அப்புறம் என் கொழுந்தன்தான் ஆரம்பிச்சாரு. "அண்ணி, எங்கண்ணன் பேர இன்னொருக்காச் சொல்லுங்க, நான் கேக்கல"ன்னு. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. செம்மலை அண்ணன், "பாப்பா ரெண்டாம் பூசை போட்டுருச்சு, இனி வண்டிக்கு ஒரு குறையும் வராது, சகுனம் நல்லாயிருக்கு"ன்னாரு. அவ்வளவுதான். மறுபடி இஞ்சினுக்குப் போயிட்டாங்க.

அவர் இறங்கினாரு. நசுங்கின தக்காளியப் பாத்தாரு. பாப்பாவப் பாத்தாரு. என்னைப் பாக்கவே இல்ல. நேரா மோட்டார் ரூமுக்குப் பின்னாடி போயி, குழாயத் திறந்து விட்டுட்டு முகம் கழுவினாரு. எவ்வளவு நேரம் கழுவினாருங்கிறீங்க! அத்தனை கோவம். பத்துப் பேர் நடுவுல பொண்டாட்டி தன் பேரச் சொல்லிக் கத்தினா எந்த ஆம்பளைக்குத்தான் கோவம் வராது? அன்னையில இருந்து எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசுறதில்ல. சோறு போட்டா தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சாப்பிடுறாரு. நான் மன்னிப்புக் கேக்கலாம்னு பக்கத்துல போனா எழுந்து போயிடுறாரு.

ஆனா வண்டி மேல மட்டும் ஆசை குறையலக்கா. அதத்தான் என்னால தாங்க முடியல. முன்னெல்லாம் சட்டுனு ஏறி ஓட்டிட்டுப் போவாரு. இப்ப ஒவ்வொரு தடவையும் ஏறுறதுக்கு முன்னாடி வண்டியச் சுத்திச் சுத்தி வர்றாரு, பிரகாரம் சுத்துற மாதிரி. முன்னாடி வந்து நின்னு துண்டால மூஞ்சியத் துடைக்கிறாரு. குனிஞ்சு சக்கரத்துக்கு அடியில தடவிக் குடுக்குறாரு. எனக்குப் பிரசவ வலி வந்தப்பகூட என்னை அப்படிப் பாத்ததில்ல. அப்புறம் ஆரனு. நம்ம வாசலுக்கு வர்றதுக்குப் பாலத்துல இருந்தே ஆரன் அடிச்சுக்கிட்டு வர்றாரு. ஊருக்கே தெரியணுமாம், புது வண்டி வருதுன்னு.

முன்பக்கம் ஒரு உருண்டைக் கண்ணாடி ஒட்டியிருக்கே, பாத்தீங்களா? பானெட்டு முனையில, தட்டு மாதிரி, தரையப் பாத்துக்கிட்டு. அது கம்பெனி குடுத்ததில்ல, இவராத் தேடிப் போயி வாங்கி ஒட்டினது. அழகுக்கு. என் கொழுந்தன் தலையில அடிச்சுக்கிட்டாரு. "ஏண்ணே, புது மாப்பிள்ளைக்கு மூக்குத்தி குத்தின மாதிரி இருக்கு, லுக்கே போச்சு, பிச்சுப் போடு"ன்னாரு. இவர் எப்பவும் தம்பிக்கு விட்டுக் குடுக்கிறவரு. அன்னைக்கு மட்டும், "அதுல கை வச்ச, கைய ஒடிச்சுருவேன்"னு ஒரே பேச்சு. ஒரு கண்ணாடிக்கு இத்தனை ரோசம்.

தூக்கத்துல எழுந்து பாப்பா காலத் தொட்டுத் தொட்டுப் பாக்குறாரு. கொலுசு தொலைஞ்சு போச்சான்னு பாக்குறாரு போல. வெள்ளி விலை ஏறிக் கிடக்குல்ல.

என்னக்கா, தம்ளரக் கையிலயே வச்சுக்கிட்டு இருக்கீங்க? டீ ஆறுது, குடிங்க.

இன்னும் ஒன்னு இருக்கு. இதை யார்கிட்டயும் சொல்லல. அந்தக் கண்ணாடி ஒட்டுறதுக்கு முன்னாடி ஒருநாள், அவர் கமிஷன் கடைக்குப் பைக்குல போயிருந்தாரு. வாசல்ல யாரும் இல்ல. எனக்கு மனசு கேக்கல. பாப்பாவ வண்டிக்கு முன்னாடி நிறுத்தி, கையில ஒரு முறுக்கக் குடுத்து, இங்கயே நில்லும்மான்னு சொல்லிட்டு, நான் ஓட்டுற சீட்டுல ஏறி உக்காந்தேன். திருட்டுத்தனமாத்தான். சாவியில்லக்கா, சும்மாதான்.

முன்னாடி பாத்தா வேப்பமரம் தெரியுது. வானம் தெரியுது. அந்தப் பெரிய பானெட்டு களத்துமேடு மாதிரி விரிஞ்சு கிடக்கு. பாப்பா இல்ல. சீட்டு நுனிக்கு வந்தேன். இல்ல. கழுத்த நீட்டினேன். இல்ல. ஓடிட்டாளோன்னு நினைச்சு, "பாப்பா"ன்னு கூப்பிட்டேன். "ம்மா"ன்னு குரல் வருது. கீழ இருந்து. அங்கயேதான் நிக்கிறா, நான் நிறுத்தின இடத்துலயே. குரல் இருக்கு, ஆள் இல்ல.

இவங்க தினமும் நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்குது, நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்குதுன்னு சொல்றாங்களே, அந்த நெஞ்சுக்குக் கீழ என் பிள்ளை முழுசா மறைஞ்சு போயிடுறா. தலைமுடிகூடத் தெரியல.

அப்புறம் யோசிச்சேன், நான் குள்ளம். அவர் ஓங்குதாங்கா இருக்கிறவரு, அவருக்குத் தெரியுமாயிருக்கும். வண்டி செஞ்சவங்க படிச்சவங்க, ஒரு குழந்தை உசரம் எவ்வளவுன்னு அவங்களுக்குத் தெரியாதா? செம்மலை அண்ணனுக்குத் தெரியாதா? முப்பது வருசம் ஓட்டினவரு. அத்தனை பேரும் மூஞ்சியப் பத்திப் பேசுறாங்க, இஞ்சினப் பத்திப் பேசுறாங்க, இதைப் பத்தி ஒருத்தர்கூடப் பேசலேன்னா அப்படி ஒன்னு இல்லேன்னுதானே அர்த்தம்? நான்தான் பயந்தாங்கொள்ளி. எங்க அம்மாவும் சொல்லும், நீ கரப்பான் பூச்சிக்கே கட்டில் ஏறுறவன்னு. அவர்கிட்டக் கேக்கலாம், உங்களுக்குப் பாப்பா தெரியுதான்னு. கேட்டா, பேரச் சொல்லி மானத்த வாங்கினது போதாதா, இப்ப வண்டியக் குறை சொல்ல வந்துட்டியான்னு கேட்டாருன்னா? அதான் கேக்கல. கொலுசுல மணி கோத்தேன். ஆனா கண்ணாடி ஏத்திப் பாட்டுப் போட்டா மணி எங்கக்கா கேக்கும்?

ஏன் எழுந்துட்டீங்க? போரடிக்குதா? நான் ஒருத்தி, வண்டியப் பத்திக் கேக்க வந்தவங்ககிட்டப் பிள்ளையப் பத்தி அளந்துக்கிட்டு இருக்கேன். உக்காருங்க. இப்ப உங்க தம்பி அவரை ஓட்டச் சொல்லிப் படம் பிடிப்பாரு போல. செம்மலை அண்ணன் சொல்றது கேக்குதா? "ஏறுடா இளமாறா, பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வா, அந்தப் பையன் பிடிக்கட்டும், மொறைப்பா வரணும்."

சரி, அப்போ நான் பாப்பாவத் தூக்கிக்கிறேன்.

பாப்பா?

இங்க ஒரு நல்ல பழம் வச்சிருந்தேனே. பெட்டிக்கு மேலாப்ல வைக்கலாம்னு தனியா எடுத்து வச்சேன், பெருசா, உருண்டையா. அக்கா, கடைசியா எப்பக் கொலுசு கேட்டுச்சு? நீங்க கேட்டீங்களா? ஆட்டுக்கிட்ட இல்லையே. பாப்பா! இந்தப் பாழாப்போன வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சா இல்லையான்னு எப்படித் தெரியும் எனக்கு? தம்ளரும் ஆடாதே. அந்த மனுசன் இந்நேரம் ஏறியிருப்பாரு, அவருக்கு என்ன பயம், பயமெல்லாம் எனக்குத்தான், அவருக்கு அந்த வண்டி மூஞ்சியத் துடைக்கிறதுக்கே நேரம்...

"நாகசோதி! ஏ நாகசோதி! பாப்பா ஒங்கிட்டயா இருக்கு? இங்க சக்கரத்துக்கிட்டத் தக்காளி கிடக்கு, ஆளக் காணோம்!"

ஐயோ. பாப்பா! பாப்... இந்தா. இந்தா இருக்கா. உங்க சேருக்குப் பின்னாடிக்கா, ரெண்டாவது பழத்த மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. வாடி, வாடி எஞ்சாமி. இருக்காங்க! எங்கிட்டத்தான் இருக்கா!

"கையில இருக்காளா? தரையில இருக்காளா?"

கையிலதாங்க!

"எனக்குத் தெரியலடி! சீட்டுல உக்காந்தா, கண்ணாடி வச்சும் எனக்கு ஒன்னுமே தெரியல! கையில வச்சுக்கிட்டு எம்பேரச் சொல்லிக் கத்து. அன்னைக்குக் கத்தினியே, அதே மாதிரி. நீ கத்தாம நான் சாவியத் தொட மாட்டேன். இனிமே எந்நாளும் தொட மாட்டேன்!"

பாத்தீங்களாக்கா, அந்தக் கோவம் இன்னும் ஆறல. இத்தனை பேர் முன்னாடி, கேமரா வேற ஓடுது, என்னை வச்சுக் கேலி பண்றாரு. கொழுந்தன் சிரிக்கிறாரு பாருங்க. ஆனா இவர் சிரிக்கலையே. இது கேலி பண்ற குரல் இல்லையே. குரல் ஏன் இப்படி உடையுது? உசரமா இருந்தும் தெரியலேன்னா சொன்னாரு இப்ப?

"நாகசோதி! கத்துடி!"

இந்தா வர்றேன். இந்தா, கையிலதான் இருக்கா, பாருங்க, தூக்கிக் காட்டுறேன். அக்கா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, எனக்கு வெக்கமா... க. இளமாறன்!